ஹார்வியின் கேட்டில் ஊதாக் கோடு

என் நாத்தனார் மார்லா மற்ற நாளெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய், டாரனுக்கு மனைவி, கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவள். சனிக்கிழமை விடிகாலையில் மட்டும் அவள் யாருடைய குரலுக்கும் ஓடமாட்டாள். ஜூனியாட்டா ஆற்றில் கயாக் என்கிற ஒற்றையாள் படகில் உட்கார்ந்து பாஸ் மீன் பிடித்துக்கொண்டிருப்பாள்.

மீன் பிடிக்கிறவள் என்றதும் வீட்டுக்கு மீன் வரும் என்று நினைக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் நானும் அப்படி நினைத்து எண்ணெய்ச் சட்டியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தவள்தான். பிடிப்பாள், அளந்து பார்ப்பாள், ஒரு போட்டோ எடுப்பாள், பிறகு கொஞ்சி முடித்து ஆற்றிலேயே விட்டுவிடுவாள். எங்கள் ஆற்றில் இருப்பது சின்னவாய்ப் பாஸ். வெண்கல நிறம், சிவந்த கண். கையளவு மீன் மாட்டினால்கூட, குளிப்பாட்டக் கூப்பிட்ட நாய் மாதிரி இழுக்கும். அந்த இழுப்புக்காகத்தான் இத்தனை பாடும்.

அவள் மீன் பிடிப்பதை ஒருமுறை பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். துடுப்பைத் தொடைமேல் குறுக்கே போட்டுக்கொண்டு, ஒரு காலைத் தண்ணீரில் விட்டுக் கல்லில் ஊன்றிக் கயாக்கை நிறுத்தியிருந்தாள். நங்கூரம் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், கால் சும்மாதானே இருக்கிறது என்பாள். வேனில் போகும்போது தூண்டில் முள் பிள்ளைகளைக் குத்தாமல் இருக்க அதன்மேல் கடைக்குட்டி ஐவியின் பழைய சாக்ஸ் மாட்டியிருக்கும், முயல் படம் போட்ட இளஞ்சிவப்பு சாக்ஸ். துறையில் ஆண்கள் அதைப் பார்த்துச் சிரித்தால், "சிரிச்சு முடிச்சிட்டு வாங்க, யாருக்குப் பெருசு மாட்டுதுன்னு பாப்போம்" என்பாள். பெரும்பாலும் அவளுக்குத்தான் மாட்டும்.

கூடப் போகிறவர் என் வீட்டுக்காரர் லமார். மார்லாவுக்கு ஒரே தம்பி. அவர் எப்படி அவளோடு போக ஆரம்பித்தார் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தக் காலத்தில் லமாருக்கு வெள்ளிக்கிழமை என்றாலே குடிதான். மரமில்லில் சம்பளம் போட்டதும் நேரே மதுக்கடை. என் அழுகைக்கும் சண்டைக்கும் அசையாத மனுஷர். மார்லா உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வாசலில் வேனை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"டேய், நாளைக்கு விடியறதுக்குள்ள வரேன். கெளம்பி நிக்கணும். வாய் நாறிச்சு, ஆத்துல தள்ளிவிட்ருவேன்."

முதல் வாரம் நாற்றத்தோடுதான் போனார். அவள் சொன்னபடியே தள்ளிவிட்டாள். ஏப்ரல் மாதத் தண்ணீர். பல் கிடுகிடுக்க வீட்டுக்கு வந்தவர் அடுத்த வெள்ளிக்கிழமை மதுக்கடைக்குப் போகாமல் என்னோடு உட்கார்ந்து டிவி பார்த்தார். இப்படியே ஒவ்வொரு வாரமாகக் குடி அவரை விட்டுப் போனது. அதனால் மார்லாவுக்கு நான் பட்ட கடன் பெரிது. பின்னால் என்ன நடந்தாலும் அதை மட்டும் நான் மறந்ததில்லை.

கயாக்கில் ஒரு தொல்லை உண்டு. ஆறு நம்மைக் கீழே கொண்டுபோய் விடும், திரும்பக் கொண்டுவராது. ஏறுகிற இடத்தில் ஒரு வண்டி, இறங்குகிற இடத்தில் ஒரு வண்டி வேண்டும். எங்கள் ஊர்ப் படகுத்துறையில் இறங்கினால் அடுத்த துறைக்குப் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். பிள்ளைகளுக்குக் கால்பந்து, மளிகை, துணி துவைப்பது என்று இருக்கிற ஒருத்தி அப்படி நாள் முழுக்க மிதக்க முடியுமா? நடுவில் இருப்பது ஹார்வி ஸ்வைகர்ட்டின் நிலம். அவருடைய கேட்டைத் திறந்து கரையேறினால், ஐவி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வருவதற்குள் மார்லா அடுப்படியில் நின்று அப்பத்துக்கு மாவு கலக்கிக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு கேட் இருந்ததால்தான் அவளால் மீனும் பிடிக்க முடிந்தது, குடும்பமும் நடத்த முடிந்தது.

ஹார்வி யாரையும் உள்ளே விடுகிறவர் இல்லை. பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். ஒருமுறை அவருடைய பேரன் பேருந்தில் வாந்தி எடுத்து நனைந்து நடுங்கியபோது மார்லா தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். கோட்டைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "ஆத்துப் பக்கம் கேட் இருக்கும்மா. நீயும் உன் தம்பியும் வந்துக்கங்க. போகும்போது சாத்திட்டுப் போங்க. கூட்டம் சேக்காதீங்க." அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவர் வீட்டுக்கு மார்லா கையால் மாவில் பொதிந்து சுட்ட ஆப்பிள் பை போகும். அவரும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்.

டாரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடுகளில் ஹீட்டர் பழுது பார்க்கிறவர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சத்தம் போட்டுப் பேசுவதுகூடக் கிடையாது. சனிக்கிழமைகளில் மூன்று பிள்ளைகளையும் தனியாகச் சமாளிப்பார். ஊரே அவரைப் பார்த்துப் பெருமூச்சு விடும். நானும்தான். அந்த வசந்தத்தில் ஐவிக்கு உட்கார்ந்து சாக்ஸ் போட்டுக்கொள்ள ஒரு குட்டி முக்காலி செய்து கொடுத்தார். என்ன கலர் வேண்டும் என்று கேட்டதற்கு அவள் ஊதா என்றாள், மினுங்குகிற ஊதா. மனுஷர் கைவினைக் கடைக்குப் போய் ஜிகினாத் தூள் வாங்கி வந்து பெயிண்டில் கலக்கி அடித்தார். "பாத்தீங்களா, கத்துக்கங்க" என்று லமாரிடம் நான் குத்திக் காட்டினேன்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, சாப்பிடும்போது டாரன் மார்லாவிடம் போகிற போக்கில் ஒரு பேச்சை எடுத்திருக்கிறார்.

"மில்லுல லமார் ஏதோ போட்டோ காட்டிட்டிருந்தானாம். ஹீட்டர் பாக்கப் போன வீட்டுல சொன்னாங்க."

"என்ன போட்டோ?"

"மீன்தான். பின்னால ஹார்வியோட தீவனக் கோபுரம் தெரியுதாமே. எனக்கென்ன தெரியும். வெளியூர் வண்டியெல்லாம் அந்தப் பக்கம் நிக்குதுன்னு வேற சொல்றாங்க."

எங்கள் ஆற்றில் மீன் பிடிக்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. போட்டோவில் மீனும் கையும்தான் இருக்க வேண்டும். பாலமோ, மலையோ, வீடோ பின்னால் தெரிந்துவிட்டால் இடம் போயிற்று, அடுத்த வாரமே அங்கே பத்து கயாக் நிற்கும். மாட்டுத் தீவனம் சேமிக்கிற ஹார்வியின் கோபுரத்துக்கு உச்சியில் நீலத் தொப்பி. இந்த மாவட்டத்தில் அது யார் வீட்டுக் கோபுரம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை லமாரின் வண்டியைக் கீழே விட்டுவிட்டு வரலாம் என்று இருவரும் ஆளுக்கொரு வண்டியில் ஹார்வியின் கேட்டுக்குப் போனார்கள். இன்னும் இருட்டு விலகவில்லை. விளக்கு வெளிச்சத்தில் கேட்டின் இரண்டு கம்பத்திலும், பக்கத்து மரங்களிலும் ஊதாக் கோடு. ஈரம் காயாததுபோல் மினுங்கியதாம். புதுப் பெயிண்ட் என்று நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஊதாக் கோடு போட்டால் உள்ளே வராதே என்று அர்த்தம். பலகை மாட்டினால் எவனாவது பிடுங்கிப் போட்டுவிடுவான் என்று இந்த ஏற்பாடு. ஊதாவைப் பார்த்தவர்கள் போய்க் காரணம் கேட்பதும் இல்லை. நிலத்துக்காரர் மனம் மாறிவிட்டது, அவ்வளவுதான். போய்க் கேட்டால் கெஞ்சுவதுபோல் ஆகும், அவருக்கும் சங்கடம், நமக்கும் கேவலம். பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதுதான் மரியாதை என்று இங்கே எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். என்ன மரியாதையோ, இன்றைக்கு அதை நினைத்தாலே எரிகிறது.

இருவரும் வண்டியைத் திருப்பினார்கள். துறைக்கு வந்ததும் மார்லா இறங்கி லமாரின் வண்டிக் கதவைத் திறந்தாள்.

"போட்டோவ யாருக்குடா காட்டின?"

"எந்த போட்டோ?"

"நடிக்காத. கோபுரம் தெரியற போட்டோ."

லமாருக்குப் பொய் சொல்ல வராது. குடித்த காலத்தில்கூட வராது. "மில்லுல ஒருத்தனுக்குக் காட்டினேன்கா. ஃபோன்ல காட்டினேன், அனுப்பக்கூட இல்ல. ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியாத ஆளு. அவன் போய்..."

"கூட்டம் சேக்காதீங்கன்னுதான அவர் சொன்னாரு. ஒண்ணே ஒண்ணுதான சொன்னாரு."

"நான் யாரையும் அனுப்பலக்கா."

"உனக்கு நான் என்ன கொற வச்சேன்? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்டா."

அவள் அழுதாளாம். அக்கா அழுது அவர் பார்த்ததே இல்லை. கயாக்கை இறக்காமலே வீட்டுக்கு வந்து, இருட்டோடு போனவர் இருட்டு முழுசாக விலகுவதற்குள் அடுப்படி மேஜையில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டபோது, "நான் பண்ணல வெண்டி" என்றார். நான் உடனே நம்பினேன். கூடப் பிறந்தவளுக்கு அது முடியவில்லை.

அதன்பிறகு இரண்டு வருடம் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. என் மாமியார் நன்றி சொல்லும் பண்டிகை நாளில் ஒரே வான்கோழியை இரண்டு பந்தியாகப் போட்டார், மத்தியானம் அவர்களுக்கு, சாயங்காலம் எங்களுக்கு. மார்லாவின் கயாக் வராந்தாவுக்கு அடியில் கிடந்து அதற்குள் குளவி கூடு கட்டியது. அவள் சனிக்கிழமைகளில் எல்லோரையும்போல வீட்டில் இருந்தாள். டாரனோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். பார்க்கிறவர்களுக்கு நல்ல குடும்பம். ஐவியை எங்கள் வீட்டில் விட்டுப் போக டாரன் வந்தால், "மனசு கேக்கலண்ணே, ரெண்டு பேரையும் எப்படியாவது பேச வைங்க" என்று அவரிடமே நான் கெஞ்சியிருக்கிறேன். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் வெண்டி, அவ பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே" என்று அந்த மனுஷர் தலையை ஆட்டுவார். அத்தனை அனுதாபத்தோடு ஆட்டுவார்.

லமார் சனிக்கிழமை விடிகாலையில் பழக்கத்தில் எழுந்துவிடுவார். போக இடம் இல்லாமல் காப்பியை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தனியாகப் போங்களேன் என்றால், "அவ இல்லாம என்னத்துக்கு" என்பார். நீங்களாவது ஹார்வியிடம் போய்க் கேளுங்களேன் என்றும் சொன்னேன். "கேட்டா நான் குத்தவாளின்னு ஒத்துக்கற மாதிரி" என்றார். வெள்ளிக்கிழமை ஒவ்வொன்றும் எனக்குக் கண்டம்தான். மில்லிலிருந்து திரும்பும் அவர் வண்டிச் சத்தம் கேட்கிற வரை வாசலிலேயே நிற்பேன். அவர் குடிக்கவில்லை. ஒருநாள்கூட இல்லை. அது யாருக்குத் தெரியும், யார் பாராட்டினார்கள்?

மூன்றாவது வசந்தத்தில் ஃபயர் ஹாலில், அதாவது ஊர்த் தீயணைப்புக் கூடத்தில், கோழி விருந்து நடந்தது. நான் வழக்கம்போல உருளைக்கிழங்கு பரிமாறும் இடத்தில் நின்றேன். மார்லா ஐவியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தாள். என்னிடம் தட்டை நீட்டி, "கொஞ்சமா போடு" என்றாள். எங்களுக்குள் அவ்வளவு பேச்சு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவளுக்குப் பின்னால் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடியோடு நடக்கிற ஹார்வி. வரிசை நின்றது. அவர் தடியால் தரையைத் தட்டினார்.

"ஏம்மா மார்லா. என்மேல என்ன கோவம்?"

மார்லா திரும்பினாள். "உங்க மேல எனக்கென்ன கோவம் பெரியவரே?"

"ஆப்பிள் பையும் வரல, நீயும் வரல. ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தேன், எட்டிக்கூடப் பாக்கல. நான் ஏதாவது சொல்லிட்டேனா?"

"நீங்கதான வர வேணாம்னு பெயிண்ட் அடிச்சீங்க?"

"நான் எங்க அடிச்சேன்? அப்போதான் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில கெடந்தேன். கீழ்வயலைக் குத்தகைக்கு எடுத்து நடத்தறானே, அவன் அடிச்சிருப்பான்னு நெனச்சேன். அப்படியே இருந்தாலும் உனக்கு அது கணக்கா? உனக்கு நான் வாயால சொல்லியிருக்கேன்ல?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"போன வாரந்தான் கேட்டேன். அவன் நான் அடிச்சதுன்னு நெனச்சிட்டிருக்கான்." ஹார்வி என் கரண்டியைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "எவனோ கிறுக்கன் அடிச்சிருக்கான். வேலிப் பெயிண்டே இல்ல அது. வெயில்ல பாத்தா மினுமினுங்குது. வேலிக்கு எவனாவது ஜிகினா போட்டு அடிப்பானா?"

மார்லாவின் கையில் தட்டு அப்படியே இருந்தது. ஐவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னோட ஸ்டூல் மாதிரியாம்மா?" என்று கேட்டாள்.

எனக்குக் கரண்டி கை நழுவிக் கிழங்குக்குள் விழுந்தது. ஐவியைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போதெல்லாம் அந்த முக்காலியைப் பார்த்தவள்தான் நான். கண்ணுக்கு முன்னால் இருந்தும் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்? நல்லவன் என்று ஒருவனை ஊரே முடிவுகட்டி வைத்திருக்கும்போது அவன் வீட்டுப் பெயிண்ட் டப்பாவை யார் போய் மோந்து பார்ப்பது?

மார்லா தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "ஐவியப் பாத்துக்கோ" என்று சொல்லிப் போனாள். மீதியை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

நேரே ஹார்வியின் கேட்டுக்குப் போயிருக்கிறாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக வண்டியை விட்டு இறங்கி, கம்பத்தில் உரிந்து நின்ற பெயிண்டை நகத்தால் பெயர்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள். வீட்டில் டாரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அவனை உள்ளே வரச் சொல்லி, முக்காலியை மேஜைமேல் தூக்கி வைத்து, அந்தச் செதிலை அதன் பக்கத்தில் வைத்தாள். அவன் பார்த்தான், கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு நாள்தான் பொறுத்துக்கறது மார்லா?"

"எதை?"

"சனிக்கிழமைய. நீ ஆத்துலேந்து வரும்போது சிரிச்சிக்கிட்டே வருவ. வாசப்படி வரைக்கும் அந்தச் சிரிப்பு இருக்கும். உள்ள வந்ததும் போயிடும். எங்களுக்குன்னு அது ஒருநாளும் வந்ததில்ல."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நான் கெட்டவன் ஆயிடுவேனே."

மார்லா செதிலை அவன் பக்கம் தள்ளினாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"சரி, பெயிண்ட் அடிச்ச. லமார் பேர எதுக்கு இழுத்த?"

டாரன் தலையைத் தூக்காமலே சொன்னானாம். "யார் மேலயாவது உனக்குக் கோவம் வரணும்ல. இல்லன்னா நீ ஹார்விகிட்டப் போய் நின்னிருப்ப."

இதை என்னிடம் சொல்லும்போது மார்லாவுக்கு அழுகை வரவில்லை. குரல்கூட மாறவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. மீனைப் பிடுங்கினான், ஆற்றைப் பிடுங்கினான், அதையெல்லாம் ஒரு கணவனின் பொறாமை என்று எழுதித் தள்ளிவிடலாம். கூடப் பிறந்தவனை யோசித்து, தேர்ந்தெடுத்து, குறிபார்த்துப் பிடுங்கியிருக்கிறானே. குடியிலிருந்து பிழைத்து வந்த ஒருவனுக்கு அவளைத் தவிர யாரும் துணை இல்லை என்று தெரிந்தேதான் பிடுங்கியிருக்கிறான். அவன் வாயால் என்னை 'வெண்டி' என்று அன்பாகக் கூப்பிட்டதை நினைத்தால் இன்றும் என் பெயர்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

அன்று சாயங்காலம் மார்லா எங்கள் வாசலுக்கு வந்தாள். லமார் படியில் உட்கார்ந்து புல்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஃபயர் ஹாலில் நடந்ததை நான் முன்பே சொல்லியிருந்தேன். அவள் மிச்சத்தைச் சொன்னாள். அவர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்துத்தான் பேசினார்.

"நான் பண்ணலன்னு சொன்னேன்ல அக்கா?"

"சொன்ன."

"அவர் ஒண்ணு சொன்னாரு, நான் ஒண்ணு சொன்னேன். நீ அவர நம்பின."

"புருஷன்டா அவன்."

"நான் தம்பி."

மார்லா படிக்குக் கீழேயே நின்றாள். மேலே வா என்று லமார் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன், ஆனால் அது நான் சொல்கிற இடம் இல்லை. அவள் "தப்புதான்டா" என்று சொல்லி வேனில் ஏறிப் போனாள். அவர் அந்தக் கத்தியை இருட்டும்வரை தீட்டினார். அது ஏற்கெனவே முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது.

மார்லா டாரனை விட்டுப் பிரியவில்லை. மூன்று பிள்ளைகள், வீட்டுக் கடன், எங்கே போவாள்? ஆனால் சனிக்கிழமையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். குளவிக் கூட்டைத் தட்டிவிட்டு, கயாக்கைக் கழுவி, ஹார்வியிடம் போய்ப் பருவம் தப்பிய ஓர் ஆப்பிள் பையைக் கொடுத்துவிட்டு வந்தாள். கேட்டிலிருந்த பெயிண்டைச் சுரண்ட வேண்டாம் என்று ஹார்வி சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு அது இருக்கட்டும், நீ வா என்றாராம். டாரன் முக்காலிக்கு வெள்ளை அடிக்கிறேன் என்று டப்பாவோடு வந்தபோது மார்லா தடுத்துவிட்டாள். "அது அப்படியே இருக்கும். தெனம் காலையில புள்ளை அதுல உக்காருவா, நீ பாப்ப" என்றாளாம். அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அப்பத்துக்கு மாவு கலக்குவதும் இப்போது அவன்தான்.

கயாக் வந்துவிட்டது, கேட் வந்துவிட்டது. இறங்குகிற இடத்தில் நிற்க வேண்டிய இன்னொரு வண்டிக்கு என்ன செய்வாள்? அவள் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டிலிருந்து துறைக்கு நடந்தே போய் வேனை எடுத்துக்கொள்வதாக இருந்தாள். முதல் சனிக்கிழமை விடிகாலையில் லமார் எழுந்து காப்பி குடித்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வெகுநேரம் கழித்து ரயில் பாதையோரமாக நடந்தே திரும்பி வந்தார். வண்டி ஹார்வியின் கேட்டில் நின்றது, சாவி முன் சக்கரத்தின் மேல். மார்லா கரையேறி, அந்த வண்டியில் கயாக்கை ஏற்றிக்கொண்டு துறைக்குப் போய், தன் வேனுக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மத்தியானம் இவர் துறைக்கு நடந்துபோய் வண்டியை எடுத்து வந்தார்.

அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. போன மாதம் வண்டியின் முன் இருக்கையில் ஒரு தூண்டில் கிடந்தது. லமாருடைய பழைய தூண்டில் இல்லை, புதிது. முள்மேல் முயல் படம் போட்ட சாக்ஸ். அவர் அதைத் தொடவில்லை. வீட்டுக்குள் கொண்டுவரவும் இல்லை, எடுத்துத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது அங்கேயே கிடக்கிறது, நான் கடைக்குப் போகும்போது அதை நகர்த்திவிட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"அக்காவ மன்னிச்சிட்டீங்களா இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை இறுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"வாராவாரம் வண்டி விடறேன்ல" என்றார்.